ஐந்து வீட்டில் சொன்ன குகைக் கதை

வெளிநாடு போய் வந்தவனிடம் எங்கள் தெருவில் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். என்ன கொண்டுவந்தாய், என்ன பார்த்தாய்? முதல் கேள்விக்குச் சொக்லேட் இருந்தது, கொடுத்துச் சமாளித்துவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு ஏழு மாதமாக மழுப்பிக்கொண்டிருக்கிறேன். கண்டிக்கு ஒருநாள் போய் வந்தாலே ஒரு கிழமைக்குக் கதை அளக்கிறவன் நான். சுவிசில் இருபத்தொரு நாள் நின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆட்கள் ஒருமாதிரித்தானே பார்ப்பார்கள்.

இப்போது எழுதுகிறேன் என்றால், என் வாயால் அதிகம் பட்டவளே எழுதச் சொன்னாள். பெயர்களை மட்டும் மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டேன்.

தவம் என்று நாங்கள் கூப்பிடும் தவராசாவும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவர்கள். அவன் இருபத்து மூன்று வயதில் அகதியாகச் சுவிசுக்குப் போனான். நான் நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி இழுத்து, படம் வரைந்து, ஓய்வு பெற்றேன். போன வருடம் அவன் அழைப்புக் கடிதம் அனுப்பி, விசாவும் கிடைத்து, ஆனியில் நான் புறப்படும் செய்தி ஊரில் பரவியது. அடுத்த நாளே பார்சல்கள் வரத் தொடங்கின. மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி, எள்ளுப்பாகு. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு தொலைபேசி எண். மொத்தம் பதினொரு பார்சல், ஆறு வீடு. என் உடுப்புக்குக் கிடைத்த இடம் ஒரு மூலைதான்.

சூரிச் விமான நிலையத்துக்குத் தவம் வந்திருந்தான். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. நான் வாசலில் காரைத் தேடினேன்.

"காரை வித்துப்போட்டன் மச்சான். இஞ்சை ரயில் இருக்கேக்கை கார் என்னத்துக்கு?" என்றான்.

பீல் நகரத்தில் அவன் வீடு மூன்றாம் மாடி. மனைவி சாந்தி புட்டும் கணவாய்க் கறியும் வைத்திருந்தாள். வெளியே நல்ல வெயில். வீட்டுக்குள் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. மின்சாரத்துக்குப் பஞ்சமில்லாத நாடு என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் மின்வெட்டுக்குப் பழகியவர்கள் என்பதால் அது கண்ணில் பட்டது. தவத்துக்கு ஒரு மருத்துவமனைச் சமையலறையில் காலை ஏழு மணி வேலை. பின்னேரம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் பிறகு அவன் அசைவதில்லை. "சுவிஸ் உன்னைக் கோழியாக்கிப்போட்டுது, பொழுதுபட முன்னம் அடையிறாய்" என்று முதல் நாளே கிண்டல் பண்ணினேன். அவனும் சேர்ந்து சிரித்தான்.

இரண்டாம் நாள் பார்சல் விநியோகத்துக்கு நான் தனியாகப் புறப்பட்டேன். பேர்ணுக்குப் போகும் ரயில் வந்து என் முன்னால் நின்றது. கதவு திறக்கும் என்று காத்துக்கொண்டு நின்றேன். கதவும் நான் ஏதாவது செய்வேன் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கும் போல. ரயில் போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஒரு மாது, கதவில் ஒரு பொத்தான் இருப்பதையும் அதை அமத்த வேண்டும் என்பதையும் கையால் காட்டினாள். எங்கள் யாழ்தேவி ரயிலில் கதவை மூடுவதுதான் கஷ்டம். அடுத்த ரயிலில் எல்லாப் பொத்தானையும் அமத்தினேன்; கழிவறையும் திறந்தது.

பேர்ணின் ஓரத்தில், பூம்ப்ளிசில் முதல் வீடு. பார்சலைக் கொடுத்துவிட்டு உடனே எழும்ப முடியுமா? இடியப்பம், சொதி, கோழிக் குழம்பு. பிறகு பிள்ளைகளின் சான்றிதழ்கள். பிறகு பலகாரம். பக்கத்தில் ஒரே கட்டடத்துக்குள் பல மதத்தவரும் கும்பிடும் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே எங்கள் கோவிலும் இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, பூட்டி வைக்கத் தேவையில்லை என்று சொன்னார்கள். அதுதான் எனக்கு அந்த நாட்டைப் பற்றிக் கிடைத்த முதல் பெரிய தகவல்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் தவத்தின் மகள் மதுரா இருந்தாள். சூரிச்சில் படிப்பின் கடைசி ஆண்டு. சோதனைக்கு விடுமுறை எடுத்து வந்திருந்தாள். அவளோடு படிக்கும் நிரோஷன் என்ற பையனுக்கும் அவளுக்கும் விருப்பம். இரு வீட்டாரும் பேசத் தொடங்கியிருந்தார்கள். என் பார்சல்களில் கடைசியானது அந்தப் பையனின் தாய்க்கு, அட்லிஸ்வில்லுக்கு.

"நல்லதாப் போச்சு," என்றான் தவம். "நீ ஊரில எங்களைத் தெரிஞ்ச ஆள். எங்கடை குடும்பத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிப்போட்டு வா. அந்தம்மா இன்னும் முழுசா ஓம் சொல்லேல்லை."

"கதைக்கிறது என்ரை வேலை, விடு," என்றேன்.

மதுராதான் குகையைப் பற்றிச் சொன்னாள். பீலுக்கு மேலே மலைக்காட்டில் ஒரு சின்னக் குகை. ஆனி மாதத்தில் சில நாட்கள் மட்டும் அதன் சுவரில் மின்மினிப் புழுக்கள் எரியும். ஊர் இயற்கைக் கழகத்தார் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்; அடுத்த நாள் இரவும் போகிறார்களாம். நியூசிலாந்தில் இப்படி ஒரு குகையை வீடியோவில் பார்த்து வாய் பிளந்தவன் நான். உடனே துள்ளினேன்.

"நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ," என்றான் தவம். "எனக்கு விடிய வேலை."

"நாளையிண்டைக்கு உனக்கு லீவு எண்டு காலமைதானே சொன்னனீ? முப்பத்தஞ்சு வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறன். நீ வராட்டா நானும் போகேல்லை."

சாந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தவம் அவளைப் பார்த்தான். "சரி, வாறன்," என்றான். நான் வென்றுவிட்டேன் என்று அன்று நினைத்தேன்.

மலைக்குக் கம்பியில் இழுக்கும் பெட்டியில் ஏறிப் போனோம். இரவு ஒன்பது மணிக்கும் அங்கே பகல்தான். இருபது நிமிட நடை. வழிகாட்டி எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. கால் ஆட்டுக்குட்டியின் கால். பதினைந்து பேர் கூடியிருந்தோம். குகை என்றால் மண்டபம் போல ஒன்றுமில்லை. பாறை பிளந்த ஒரு இடுக்கு. உள்ளே இறங்கப் படிகள். சுவர் முழுக்கப் பாசியும் பன்னச் செடியும். போனை அணைத்துவிடும்படியும் ரோர்ச் விளக்கு அடிக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். சுவரோடு ஒரு கயிறு கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்க வேண்டும்.

மதுரா வழிகாட்டிக்குப் பக்கத்தில் முன்னால் நின்று எங்களுக்குத் தமிழில் சொன்னாள். "வெளிச்சம் தாறது பொம்பிளைப் புழுவாம். அதுக்குச் செட்டை இல்லை, பறக்கேலாது. ஏறி நிண்டு லைற் போடுமாம். ஆம்பிளைதான் பறந்து தேடி வரோணும். வந்த உடனை லைற்றை நிப்பாட்டிப்போடுமாம்."

"அப்ப எங்கடை கலியாணப் பேச்சு மாதிரித்தான்," என்றான் தவம். "சரிவந்த உடனை லைற் ஓஃப்."

நான் பெரிதாகச் சிரித்தேன். மதுரா, "அப்பா!" என்று அதட்டினாள். வழிகாட்டி அது என்ன பகிடி என்று கேட்டாள். மதுரா மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

உள்ளே இறங்கினோம். பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்றார்கள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு இடப்பக்கச் சுவரில் ஒரு பொட்டு. பிறகு மூன்று. பிறகு எண்ண முடியாத அளவு. பச்சை என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது. இருட்டில் கைக்கடிகார முள் எரியுமே, அந்த நிறம். மினுங்கவில்லை; அடக்கமாக எரிந்துகொண்டிருந்தன. வந்த வெள்ளைக்காரர்கள் ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபது வயதில் புதிதாக ஒன்றைக் காண்பது லேசான காரியமில்லை.

அந்த நேரத்தில்தான் என் சட்டையின் பின்பக்கம் இறுகியது. தவம் பிடித்திருந்தான். "என்னடா, பயமோ?" என்று காதுக்குள் கேட்டேன். "படி வழுக்குது," என்றான். வரிசை நகர்ந்தது. அவன் படியில் கால் தவறி, பக்கத்தில் நின்ற ஒரு கனவானின் காலில் ஏறினான். அவரிடம் மன்னிப்புக் கேட்டான். இரண்டு அடி போய்ப் பாறையில் நெற்றியை இடித்தான். யாரோ ஆள் என்று நினைத்து அந்தப் பாறையிடமும் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டான். நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். "வடிவா இருக்கே?" என்று கேட்டேன். "ஓமோம், நல்ல வடிவு," என்றான். வெளிச்சமெல்லாம் இடப்பக்கம் இருந்தது. அவன் குரல் வலப்பக்கம் பார்த்தபடி வந்தது.

திரும்பி வரும்போது அவன் என் கையை விடவில்லை. வீட்டில் சாந்தி அவன் நெற்றிக் காயத்துக்கு மருந்து போட்டாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். சாப்பாடு ஆறிப்போன கோபம் என்று எடுத்துக்கொண்டேன். இவ்வளவு தடயத்தையும் கண்முன்னால் வைத்துக்கொண்டு விளங்காமல் இருந்தவனை என்னவென்று சொல்வது? நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து சம்பளம் வாங்கியவன் நான்.

அதற்கடுத்த நாட்கள் பார்சல் நாட்கள். இரண்டாம் வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அமைதி விழுந்தபோது, குகைக் கதையை அவிழ்த்துவிட்டேன். சட்டையைப் பிடித்தது, கனவானின் கால், கடைசியில் பாறையிடம் மன்னிப்பு. வீடே உருண்டது. மூன்றாம் வீட்டில் பாறைக்குக் கைகொடுக்கப் போனான் என்று சேர்த்தேன். நாலாம் வீட்டில் பாறை பதில் சொல்லாததால் பிரெஞ்சிலும் கேட்டுப் பார்த்தான் என்றேன். பீல் இரு மொழி நகரம் என்பதால் அதற்கு இன்னும் கூடுதல் சிரிப்பு. ஐந்தாம் வீட்டார் நான் வருமுன்பே கேள்விப்பட்டு, அந்தக் கதையைச் சொல்லுங்கோ என்று கேட்டே வாங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மின்மினியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆறாம் வீடு அட்லிஸ்வில். சூரிச்சில் இறங்கிப் புறநகர் ரயிலில் மாறினேன். பொத்தானெல்லாம் இப்போது எனக்குத் தண்ணி பட்ட பாடு. நிரோஷனின் தாய் நிலையத்துக்கே வந்திருந்தார். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை, நிதானமான பேச்சு, என்னைவிட இரண்டு மூன்று வயது மூப்பு இருக்கும், அதனால் அக்கா என்றேன். இறால் வறுவலும் கத்தரிக்காய்க் குழம்பும். ஊரிலிருந்து தங்கை அனுப்பிய எள்ளுப்பாகைப் பிரித்து மணந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

தவத்தைப் பற்றி நல்லது சொன்னேன். மனதாரச் சொன்னேன். நேர்மையானவன், பொய் சொல்லத் தெரியாதவன், பிள்ளையை அருமையாக வளர்த்திருக்கிறான். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதோடு எழும்பியிருக்கலாம். முகம் இளகட்டும் என்று குகைக் கதையைத் தொடங்கினேன்.

அவரும் சிரித்தார். பாறையிடம் வந்தபோது சிரிப்பு நின்றது.

"ஒண்டுமே தெரியேல்லையாமோ அவருக்கு?"

"கும்மிருட்டுத்தானே அக்கா."

"உங்களுக்குத் தெரிஞ்சதுதானே?"

அந்தக் கேள்வியில் ஒரு புத்தியுள்ளவன் நின்றிருப்பான். எனக்கு அவர் முகத்தில் மீண்டும் சிரிப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. "அவன் சின்னனிலையே அப்பிடித்தான். கோயில் திருவிழாவிலை பொழுதுபட்டா வீட்டை ஓடிப்போடுவான். அவன்ரை தகப்பனும் அதேதான். விளக்கு வைச்சாப் பிறகு அந்தாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலியைத் தடவித் தடவித்தான் வருவார். நாங்கள் பின்னாலை போய் மணியடிச்சு விளையாடுவம். கோழிக்கண் பரம்பரை அக்கா அது!"

அக்கா கரண்டியைத் தட்டில் வைத்தார். "தகப்பனுக்கும் இருந்ததோ?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, "நான் வேலை செய்யிற இடத்திலை ஒரு ஐயா இருக்கிறார். அவருக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. இப்ப பகலிலையும் தெரியாது," என்றார். இன்னும் இரண்டு இறால் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் போட்டுக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில், ஒரு சுரங்கத்துக்குள் போகும்போது ஜன்னல் கறுத்து என் முகம் தெரிந்தது. கோழிக்கண் என்று நான் பகிடி விட்டது மாலைக்கண் நோயை; பரம்பரை என்று நான் சொன்ன சொல் அப்போதுதான் என் காதில் விழுந்தது. கார் விற்றது, எரிந்த விளக்குகள், நாலு மணிக்குப் பிறகு அசையாதது, சாந்தியின் பார்வை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இறங்கி ஓடிப்போய் அந்தக் கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வர முடியாதா என்று இருந்தது.

வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் என் பிழைதான். ஒரு நாள் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் தவம் தன் மகளிடம் தானே சொல்லியிருப்பான். நான் வாயை மூடிக்கொள்ளத் தேர்ந்தெடுத்த நேரம் அது. மூன்றாம் நாள் பகல், அட்லிஸ்வில்லிலிருந்து மதுராவுக்கே அழைப்பு வந்தது. அக்கா கோபமாகப் பேசவில்லையாம். பேச்சைக் கொஞ்சக் காலம் தள்ளிவைப்போம் என்றும், அப்பாவின் கண்ணைப் பற்றி உமக்குத் தெரியும்தானே பிள்ளை என்றும் கேட்டிருக்கிறார். மதுராவுக்குத் தெரியாது.

அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாந்தி சமையலறையில் அழுதாள். தவம் வேலை முடிந்து வந்து, விஷயத்தைக் கேட்டு, மாடத்தில் என் பக்கத்தில் வந்து இருந்தான். வெயில் பளிச்சென்று இருந்தது. என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"ஆறு வருசமாத் தெரியும்," என்றான். "சாந்திக்குத் தெரியும். பிள்ளையின்ரை சோதினை முடியட்டும் எண்டு இருந்தனான். முதல் அவளுக்கு, பிறகு அந்தப் பெடியனுக்கு, என்ரை வாயாலை சொல்லோணும் எண்டு வசனமெல்லாம் யோசிச்சு வைச்சிருந்தன் மச்சான்."

"அப்ப ஏன்டா குகைக்கு வந்தனீ?"

"வராட்டா ஏன் எண்டு கேப்பாய். நீ கேக்கத் தொடங்கினா விடமாட்டாய்."

"என்னை மன்னிச்சுக்கொள் தவம்."

"நீ பொய் ஒண்டும் சொல்லேல்லையே," என்றான். அதைவிட அவன் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம். உண்மையில் நான் பொய்யும் சொல்லியிருந்தேன், பிரெஞ்சைச் சேர்த்தது நான்தான்.

மிச்ச நாட்களில் ஏரியைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன், ஒரு பாலாடைக்கட்டிக் கடையில் மூக்கைப் பொத்தினேன். எதையும் எழுதிவைக்கவில்லை. தவம் வழமைபோலப் பகிடி விட்டான். நான்தான் சிரிக்கத் தெரியாமல் இருந்தேன். நிரோஷன் இரண்டு முறை வந்து மதுராவோடு கீழே வாங்கில் இருந்து கதைத்துவிட்டுப் போனான். தனக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்று சொன்னானாம். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

புறப்படும் நாள் காலை, பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். மதுரா கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் ஒரு அச்சடித்த படிவமும் பேனாவும். அந்த ஒரு கிழமையும் என்னோடு அளவாகத்தான் பேசியிருந்தாள். கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"மாமா, வாற கிழமை அப்பாவைக் கண் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன். அப்பா எல்லாம் ஓகே எண்டுதான் சொல்லுவார். குகையிலை நடந்ததைச் சொல்லுங்கோ. நான் முன்னுக்கு நிண்டு லைற்றைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். பின்னாலை நடந்தது ஒண்டும் எனக்குத் தெரியாது."

ஐந்து வீட்டில் சொன்ன கதை. ஆறாவது முறையாகத் தொடங்கினேன். நாக்கு பழக்கத்தில் கனவானின் காலுக்கு ஓடியது; இழுத்துப் பிடித்தேன். அவள் இடையிடையே கேட்டாள். படியில் எத்தனை தரம் தவறினார்? பாறை எவ்வளவு தூரத்தில் இருந்தது? ஒரு முழம் என்றேன். பத்து நிமிடம் நின்ற பிறகும் தெரியவில்லையா? எந்தப் பக்கம் பார்த்தார்? வலப்பக்கம் என்றேன். அவள் ஜெர்மனில் எழுதினாள். சிரிப்பை எடுத்துவிட்டபோது அந்தக் கதை ஐந்து வரிதான் வந்தது.

"அப்பப்பாவுக்கு எத்தினை வயசிலை தொடங்கினது?"

"எனக்குத் தெரிஞ்சு நாப்பது, நாப்பத்தஞ்சு இருக்கும் பிள்ளை. கடைசியிலை பகலிலையும் தெரியேல்லை."

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் தெரியவந்தது என்று கேட்டு ஒரு அட்டவணை போட்டிருந்தது. முதல் வரியில் அப்பப்பாவின் பெயரை எழுதி, எதிரே நான் சொன்ன வயதை எழுதினாள். இரண்டாவது வரியில் தவராசாவின் பெயரை எழுதி, ஆறு வருடத்தைக் கழித்து ஒரு வயதை எழுதினாள். மூன்றாவது வரியில் தன் பெயரை எழுதினாள். அதற்கு எதிரே இருந்த கட்டத்தின் மேல் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் மூடினாள்.